ஆட்கொள்ளப்பட்ட இனம்: பினாங்கின் யூதக் கல்லறையை முன்வைத்து

ஜுருவிலிருந்து பாலம் ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போகும் நாள்களில், வேலை முடிந்ததும் ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பிவிட்டு வருவது என் வழக்கம். பர்மா சாலையையும் மெக்கலிஸ்டர் சாலையையும் இணைக்கும் குறுக்குத் தெரு அது. பலகையில் ஜாலான் சைனல் அபிடின் என்றிருக்கும். என் அப்பா வயதுக்காரர்களுக்கு அது இன்னமும் யஹூடி ரோடுதான். மதிலுக்கு உள்ளே சுமார் 107 கல்லறைகள். 1805-இல் ஏற்பட்ட யூத இடுகாடு. இருப்பதில் மிகப் பழைய கல் 1835 ஜூலை 9 என்று தேதி காட்டுகிறது. ஷோஷான் லெவி என்ற பெண்மணியுடையது. இந்த நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர் அவரே என்று நம்பப்படுகிறது. பெரும்பாலான கல்லறைகள் வீட்டுக் கூரைபோல் இருபுறமும் சரிந்த மூடியுடைய கற்பேழைகள். புல்தரை இருந்த இடமெல்லாம் இப்போது சிமெண்டு. பராமரிப்புச் செலவைக் குறைப்பதற்காகப் பூசிவிட்டார்கள்.

வடகிழக்கு மூலையில் மட்டும் சில கல்லறைகள் மற்றவற்றோடு சேராமல் தனியே கிடக்கின்றன. கோஹன்களுடையவை. முதல்முறை பார்த்தபோது, நம் ஊர் மயானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, யாரையோ தள்ளிவைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது. படித்துப் பார்த்தால் விஷயம் நேர்மாறு. கோஹன்கள் பழைய எருசலேம் ஆலயத்துக் குருக்களின் வழிவந்தவர்கள். மிக நெருங்கிய உறவு தவிர வேறு எந்தச் சாவுக்கும் அவர்கள் தீட்டுப்படக்கூடாது என்பது லேவியராகமத்தின் விதி. இடுகாட்டுக்குள் கால்வைப்பதே அவர்களுக்குத் தடை. அதனால்தான் பல ஊர்களில் கோஹன்களை ஓரமாக அடக்கம் செய்கிறார்கள். பார்க்க வரும் மகனோ பேரனோ மற்றவர் கல்லறைகளுக்கு நடுவே நடக்காமல் விளிம்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகலாம். கோஹன் விவாகரத்தான பெண்ணை மணக்கக்கூடாது. மதம் மாறி வந்த பெண்ணையும் மணக்கக்கூடாது. ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது. பலிபீடம் போயிற்று, காணிக்கை போயிற்று, அதிகாரம் போயிற்று. தடைகள் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

யூத மரபில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்' என்ற சொல்லை இந்த மூலையிலிருந்து படிக்கத் தொடங்குவதே சரி என்று நான் நினைக்கிறேன். மலேசியாவில் ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திராதவர்கள் 'யஹூடி' என்பதை வசைச்சொல்லாகக் கையாளுகிறார்கள். கடவுள் எங்களைத்தான் பொறுக்கி எடுத்தார் என்று திமிர் பேசுகிற கூட்டம் என்பது காப்பிக்கடை மேசைகளில் நான் பலமுறை கேட்ட விளக்கம். காஸாவில் குழந்தைகள் சாகும் செய்தி வரும்போது அந்தப் பேச்சு இன்னும் சூடேறும். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கோபப்பட்டதாலேயே ஒரு மரபைப் படித்துவிட்டதாக ஆகாது. இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, எங்கே நேராக நின்றது, எங்கே கோணிற்று என்று தேடினால், அந்தத் தேடலின் பாதி நம் கடல்களிலும் நம் எழுத்துகளிலுமே கிடக்கிறது.

எபிரேய மறையில் இதற்கான முக்கியச் சொல் 'செகுலா'. அரசனுக்குரிய தனிக் கருவூலம் என்று பொருள். சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் கூடியபோது, என் உடன்படிக்கையைக் காத்தால் நீங்கள் எனக்குச் செகுலா ஆவீர்கள், குருக்களின் அரசாக ஆவீர்கள் என்று கடவுள் சொன்னதாக யாத்திராகமம் சொல்கிறது. 'காத்தால்' என்ற நிபந்தனை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உபாகமம் இன்னும் ஒரு படி போய், நீங்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் எடுக்கவில்லை, எல்லா இனத்திலும் நீங்களே சிறியவர்கள் என்று நினைவூட்டுகிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னதுதான் மிகக் கடுமை. உலகத்து வம்சங்களில் உங்களை மட்டுமே அறிந்தேன், ஆகவே உங்கள் குற்றம் ஒவ்வொன்றுக்கும் உங்களைத் தண்டிப்பேன் என்பது அவர் வழியே வந்த வாக்கின் சாரம். அதே ஆமோஸ் தம் நூலின் கடைசியில், எகிப்திலிருந்து உங்களை அழைத்து வந்தது போலத்தான் பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்துக்கு அழைத்து வந்தேன், எத்தியோப்பியரும் நீங்களும் எனக்கு ஒன்றே என்று கடவுள் சொல்வதாகப் பெருமையின் வேரையே பிடுங்கிவிடுகிறார்.

தமிழில் இதற்கு 'தெரிவு' என்ற சொல் போதாது. தேர்தலில் தெரிவாகிறவன் பதவிக்குப் போகிறான். நம் பக்தி மரபில் வேறொரு சொல் இருக்கிறது: ஆட்கொள்ளுதல். இறைவன் ஆட்கொண்டான் என்றால் அடிமையாக ஏற்றுக்கொண்டான் என்று பொருள். ஆட்பட்டவனுக்கு அதன்பின் தன் இஷ்டம் என்று ஒன்று கிடையாது. செகுலாவுக்கு மிக அருகில் வருவது இந்தச் சொல்தான்.

ஆட்கொண்டது யார் முயற்சியால் என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது நமக்குத் தெரியும். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது, தாயே கவ்வித் தூக்கிச் செல்லும். உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவு இவற்றில் எது என்பதே வழக்கு. ரபிகள் எனப்படும் யூதச் சமய அறிஞர்களிடம் இதே வழக்கு இரண்டு கதைகளாக இருக்கிறது. முதல் கதையில் கடவுள் தம் சட்டநூலான தோராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இனத்திடமும் போகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். கொலை செய்யாதே என்றதும் ஒரு கூட்டம் வேண்டாம் என்கிறது, திருடாதே என்றதும் இன்னொரு கூட்டம் பின்வாங்குகிறது. கடைசியில் இஸ்ரவேல் ஒன்றும் கேளாமல் செய்கிறோம் என்று வாங்கிக்கொள்கிறது. இங்கே குட்டிதான் தாயைப் பற்றியது. இரண்டாம் கதை ரபிகளின் தொகுப்பு நூலான தல்மூதில் இருக்கிறது. கடவுள் சீனாய் மலையைப் பெயர்த்து, கவிழ்த்த தொட்டிபோல் அவர்கள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஏற்றால் நல்லது, மறுத்தால் இங்கேயே உங்களுக்குச் சமாதி என்கிறார். பூனை கவ்விவிட்டது. இரண்டு கதைகளிலும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது 613 கட்டளைகள். மற்ற மனிதகுலத்துக்கு நோவாவின் வழியாக வந்தவை ஏழே கட்டளைகள் என்று ரபிகள் வகுத்தார்கள்: உருவ வழிபாடு, தெய்வ நிந்தனை, கொலை, தகாத புணர்ச்சி, திருட்டு, உயிரோடிருக்கும் விலங்கின் சதையைத் தின்பது ஆகியவற்றை விலக்க வேண்டும், நீதிமன்றங்களை நிறுவ வேண்டும். யூதனாகாமலே நல்லவனாக வாழலாம், மறுமையில் பங்கும் உண்டு என்பது அவர்கள் வந்துசேர்ந்த முடிவு. ஊரெல்லாம் மதம் மாற்ற யூதர்கள் ஆளனுப்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் ஒரு கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்பட்டது இரத்தமா, நெறியா? ஸ்பெயினில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் யூதா ஹலேவி, 'குசாரி' என்ற அரபு நூலில், தெய்வத் தொடர்பை ஏற்கும் ஒரு தனித்திறம் ஆதாம் முதல் யாக்கோபு வரை இரத்த வழியாகவே இறங்கியது என்று வாதிட்டார். உறுப்புகளுக்குள் இதயம் எப்படியோ, இனங்களுக்குள் இஸ்ரவேல் அப்படி. ஆகவே எல்லா நோயும் முதலில் அதைத்தான் தாக்கும் என்றார். வெளியிலிருந்து வந்து சேர்கிறவர் நல்லவராகலாம், பிறவி யூதருக்குச் சமமாக மாட்டார் என்பதும் அவர் கருத்து. அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் எகிப்தில் வாழ்ந்த மோசே மைமோனிடிஸ் இதை ஏற்கவில்லை. ஒபதியா என்ற மதம் மாறி வந்தவர், தொழுகையில் 'எங்கள் பிதாக்களின் கடவுளே' என்று நான் சொல்லலாமா, என் பிதாக்கள் யூதர் அல்லரே என்று கேட்டு அவருக்கு எழுதினார். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொல்லுங்கள், ஆபிரகாமின் வழியை ஏற்றவர் அனைவருக்கும் ஆபிரகாமே தந்தை என்று மைமோனிடிஸ் பதில் எழுதினார். இஸ்லாமியர் உருவ வழிபாட்டினர் அல்லர் என்று ஒபதியா சொன்னதற்காக அவரை அவருடைய ஆசிரியர் அவமதித்திருந்தார். ஒபதியா சொன்னதே சரி, அந்த ஆசிரியர் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் மைமோனிடிஸ் எழுதினார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்தக் கடிதத்தை நம் காப்பிக்கடை மேசைகளில் யாராவது படித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மைமோனிடிசின் தம்பி டேவிட் இந்தியாவுக்கு வணிகம் செய்யக் கிளம்பி இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அண்ணன் அந்தத் துக்கத்தில் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். அப்படிப்பட்ட கடல் அது; அதைக் கடந்து கரைசேர்ந்தவர்களுக்கும் 'இரத்தமா, நெறியா' என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது. துனீசியக் கரையிலிருந்து வந்து மங்களூரில் பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் கடிதங்கள் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்துக் காகிதக் குவியலில் கிடைத்தன. 1132 அக்டோபர் 17 அன்று மங்களூரில் அவர் ஓர் ஆவணம் எழுதி, ஆசு என்ற உள்ளூர் அடிமைப் பெண்ணை விடுவித்தார். யூதச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட அடிமை முழு யூதராகிவிடுவார். ஆசுவுக்குப் பெராகா என்று பெயர் வந்தது, ஆசீர்வாதம் என்று பொருள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். பென் யிஜு ஏடனுக்குத் திரும்பியதும் அந்தப் பிள்ளைகளின் தகுதி பேச்சுக்கு வந்தது. அவரே உட்கார்ந்து சட்ட வாதங்களைத் தொகுத்து எழுதிய குறிப்புகள் எஞ்சியிருக்கின்றன. அவருடைய மகளை அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவனே கடைசியில் மணந்துகொண்டான். சட்டம் ஆசுவின் பக்கம் நின்றது. சபையின் கண் வேறெங்கோ நின்றது.

கொச்சியில் அந்த இடைவெளி நூற்றாண்டுகளாக நீடித்தது. இதை எழுத எனக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு, ஏனென்றால் அதன் முதல் ஏடு நமக்கு வாசிக்கக் கிடைப்பது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதருக்கு முயிரிக்கோட்டில் செப்பேடு ஒன்று வழங்கினான். வட்டெழுத்தில் பொறித்தது, தமிழறிந்தவர் பாதி சொற்களை அகராதி இல்லாமலே படித்துவிடலாம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அது கொடுக்கிறது. பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப் பறை, காகளம், தோரணம் என்று அந்தப் பட்டியல் நீளும். எல்லாம் நம் ஊர்ப் பெருந்தனக்காரர்களும் கோயில் முதல்மரியாதைக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்ட அதே மரியாதைகள். சீனாயில் கிடைத்தது 613 கடமை. முயிரிக்கோட்டில் கிடைத்தது 72 உரிமை. ஓர் ஊரில் இரண்டும் ஒரே கைக்கு வந்துவிட்டால் எது எதை விழுங்கும் என்பதற்குக் கொச்சி ஒரு சாட்சி.

1520-ஐ ஒட்டிக் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி கெய்ரோவுக்குப் போயிற்று. அங்கே தலைமைச் சட்ட அறிஞராயிருந்தவர் டேவிட் இபின் அபி சிம்ரா. கேள்வியின் சுருக்கம் இது: இங்கே 900 வீடுகள். அவற்றில் 100 வீட்டார் தங்களை வம்சாவழி யூதர், அதாவது 'மெயுஹாசிம்' என்கிறார்கள். மற்றவர்கள் நெறி வழுவாதவர்கள், செல்வர்கள், தருமம் செய்கிறவர்கள், ஆனாலும் இந்த நூறு வீட்டார் அவர்களை அடிமைகளின் பிள்ளைகள் என்று சொல்லிக் கொண்டான் கொடுத்தான் உறவு வைத்துக்கொள்ள மறுக்கிறார்கள். இது சரியா? இபின் அபி சிம்ரா சுற்றிவளைக்கவில்லை. அவர்கள் முறைப்படி நீராடி மதம் ஏற்றுவிட்டால் யூதர்களே, அவர்களோடு மணம் செய்யலாம் என்று தீர்ப்பு எழுதினார். பிற்பாடு அலெக்சாந்திரியாவின் யாக்கோப் காஸ்ட்ரோவும் அதையே உறுதி செய்தார். நூறு வீட்டார் கேட்கவில்லை. தீர்ப்புச் சொன்ன ரபி கெய்ரோவில் இருந்தார். அண்டைவீட்டு நம்பூதிரியும் நாயரும் கொச்சியில் இருந்தார்கள். யாரோடு சேர்ந்து உண்பது, யாரைத் தொடுவது, யாருக்குப் பெண் கொடுப்பது என்பதைப் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் மனிதன் கற்கிறான்.

ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1568-இல் மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டிப் பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது. 'பரதேசி' என்று பெயர் வாங்கிய வந்தேறிகள் வெள்ளை யூதரானார்கள். நூற்றாண்டுகளாய் அங்கேயே இருந்தவர்கள் கறுப்பு யூதரானார்கள். வெள்ளை யூதர் வீட்டில் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு 'மெஷுக்ராரிம்' என்று பெயர். அவர்கள் பரதேசித் தொழுகைக்கூடத்தின் பெஞ்சுகளில் உட்கார முடியாது, முன்னறையில் தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அவர்களை அழைக்கமாட்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சட்டம் படித்தார், கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார், காந்தியைப் பின்பற்றினார். வைக்கத்தில் 1924-இல் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்ததும், நம் பெரியார் அங்கே போய்ச் சிறையிருந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதே மண்ணில், அதே முறையைத் தம் சொந்தத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் சேலம். தம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விலக்கப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார், எதிர்ப்புத் தெரிவித்தார், விடாமல் மீண்டும் போனார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950-இல் அவர் மகன்களில் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கெய்ரோவின் தீர்ப்பு மட்டாஞ்சேரிக்கு வந்துசேர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிப்பது பம்பாய் மதில்தான். ஈராக்கிலிருந்து வந்த பாக்தாத் யூதர்கள் பம்பாயில் செல்வாக்கடைந்ததும், கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தபடி சனிக்கிழமை ஓய்வை விடாமல் காத்த பெனே இஸ்ரவேல் யூதர்களோடு கலக்க விரும்பவில்லை. 1836-இல் அரசாங்கத்துக்கு ஒரு மனு போட்டார்கள். இடுகாட்டில் இரு பிரிவாரின் பிணங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பித் தரவேண்டும் என்பது கோரிக்கை. 1930-களில் ரங்கூனில் தொழுகைக்கூட வாக்குரிமைக்காகப் பெனே இஸ்ரவேலர் உயர்நீதிமன்றம்வரை போய் வென்றார்கள். இஸ்ரேலிலும் இது தொடர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் பெனே இஸ்ரவேலரின் திருமணங்களுக்கு வம்சாவழி விசாரிக்கத் தலைமை ரபி உத்தரவிட்டார். அவர்கள் எருசலேமில் போராடினார்கள். 1964-இல்தான் அரசு அவர்களை எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்று அறிவித்தது. கோஹனின் தடை அவன் தன்மேல் தானே போட்டுக்கொண்ட கட்டு. பம்பாய் மதில் அடுத்தவனைக் கட்டிய கட்டு. இரண்டுக்கும் ஒரே மறைநூலைக் காட்டமுடிகிறது என்பதே இந்தக் கருத்தின் ஆபத்து. நம்மில் எத்தனை கோயில்கள், எத்தனை மயானங்கள் இதே கதையைச் சொல்லும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

யூதர் அல்லாதவரோடு உறவு எப்படி என்ற கேள்விக்கு மரபில் இரு குரல்களும் உண்டு, ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டுவது நேர்மையாகாது. உபாகமம் தன் இனத்தானிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது. யூதன் தொலைத்த பொருளைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் மற்றவன் தொலைத்ததற்கு இல்லை என்று பழைய சட்டம் வகுத்தது. வாரந்தோறும் சனிக்கிழமை முடியும்போது சொல்லும் வாழ்த்தில் ஒளியையும் இருளையும் பிரித்தது போல் இஸ்ரவேலையும் பிற இனங்களையும் பிரித்தவரே என்று கடவுளைப் போற்றுகிறார்கள். இது ஒரு குரல். மறுபக்கம், தல்மூதின் கித்தின் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. யூத ஏழைகளோடு பிற இனத்து ஏழைகளுக்கும் உணவிட வேண்டும், அவர்கள் நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும், அவர்கள் பிணங்களையும் அடக்கம் செய்ய வேண்டும், சமாதான வழிகளுக்காக. தெற்குப் பிரான்சில் 1249-இல் பிறந்த மெனாஹேம் மெய்ரி இன்னும் துணிந்தார். பழைய வேற்றுமைச் சட்டங்கள் நெறியே இல்லாத அக்கால மக்களுக்காக எழுதியவை. நம்மைச் சுற்றி வாழும் சமயநெறி உடைய மக்களுக்கு அவை பொருந்தா, அவர்கள் தொலைத்ததையும் திருப்பித் தரவேண்டும் என்று எழுதினார்.

இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 1945-இல் அமெரிக்க ரபி மோர்டெகாய் கப்லான், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ற வரிகளையே நீக்கித் தொழுகைநூல் வெளியிட்டார். நியூயார்க் விடுதி ஒன்றில் கூடிய பழமைவாத ரபிகள் அவரைச் சமயவிலக்கம் செய்தார்கள், அந்த நூலும் அங்கே எரிந்தது. எருசலேமின் அறிஞர் யெஷயாஹு லெய்போவிட்ஸ் வேறு வழியில் போனார். கடைசிவரை கட்டளைகளைக் கடைப்பிடித்த பக்தர் அவர். தேர்வு என்பது நம்மேல் சுமத்திய கோரிக்கை, நம் இரத்தத்தில் ஊறிய சொத்து என்று சொல்வது உருவ வழிபாட்டுக்குச் சமம் என்றார். ஹலேவியின் கருத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1967 போருக்குப் பின் பாலஸ்தீன நிலத்தைப் பிடித்துவைத்திருப்பது இஸ்ரேலையே அழிக்கும் என்று முதன்முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். இன்று மேற்குக் கரையில் கடவுள் எங்களுக்கு எழுதிக்கொடுத்த மண் என்று சொல்லி அடுத்தவன் ஒலிவ மரத்தை வெட்டுகிறவன் 'தேர்வு' என்ற சொல்லைச் செப்பேடாகப் படிக்கிறான். அவனைக் கண்டிக்க விரும்புகிறவர்களுக்கு ஆமோஸையும் லெய்போவிட்ஸையும்விடக் கூர்மையான ஆயுதம் வெளியில் கிடைக்காது.

பினாங்குக்கு வந்த யூதர்களில் பெரும்பாலோர் அந்தப் பாக்தாத் வழியினரே. 1899-இல் அவர்கள் 172 பேர் என்று கணக்கு இருக்கிறது. 1895-இல் வந்த எசேக்கியேல் மெனாசே, முப்பது ஆண்டுகள் இந்தத் தீவில் உணவு முதலான நெறிகளை முறைப்படி காத்த ஒரே யூதன் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். தன்னைச் சுற்றி ஒரு சபை இல்லாதபோதும், பார்க்க ஆளில்லாதபோதும், எது உண்ணலாம் எது கூடாது என்று தனியே பார்த்துப் பார்த்து வாழ்ந்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆட்பட்டவன் என்றால் அதுதான்.

1929-இல் அவர்களுக்குத் தொழுகைக்கூடம் வாய்த்தது. இடம் 28, நாகூர் சாலை. சோழமண்டலக் கரையின் நாகூர்தான். சூலியாத் தெருவில் நாகூர் ஆண்டவருக்கு நினைவிடம் கட்டிய தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த பெயர். ஒரு பக்கம் சீனர் கடைவீடுகள், பெயரில் நாகூர், உள்ளே எபிரேயத் தொழுகை. போர் வந்ததும் பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள், பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போனார்கள். முழுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது விதி. பணக்காரன், ரபி, கோஹன் என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் கிடையாது. ஒன்பது ஞானிகள் இருந்தாலும் பத்தாவதாக ஒரு சாமானியன் வந்தால்தான் தொடங்கலாம். 1976-இல் பத்துப் பேர் தேறாமல் கூடம் மூடிற்று. இப்போது அந்தத் தெருவில் உணவுக்கடைகளும் காப்பிக்கடைகளும் நிறைந்திருக்கின்றன.

கடைசி அடக்கம் 2011-இல் நடந்தது. அப்போது அடக்கமானவரோடு தீவின் யூதக் குடும்ப வரலாறும் ஏறக்குறைய முடிந்தது. இறந்தவருக்காகச் சொல்லும் 'கத்தீஷ்' என்ற துதிக்கும் அதே பத்துப் பேர் வேண்டும்.

வடகிழக்கு மூலையில் ஒரு படைவீரரின் கல்லறை இருக்கிறது. எலியாஹு ஹயீம் விக்டர் கோஹன், பிரிட்டிஷ் இந்தியப் படையின் 9-ஆம் ஜாட் ரெஜிமென்டில் லெப்டினன்ட். 1941 அக்டோபர் 10 அன்று, ஜப்பானியர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, விபத்தில் இறந்தார். உயிரோடு இருந்தவரை இடுகாட்டுக்குள் நுழையக்கூடாத குலம். அவர் உத்தரவில் நடந்த சிப்பாய்கள் வட இந்திய உழவர் வீட்டுப் பிள்ளைகள். இந்த இடுகாட்டில் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பராமரிப்பது இந்த ஒன்றை மட்டும்தான். மற்றவற்றுக்கு 1885-இல் அமைந்த அறக்கட்டளை இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டுக் குப்பை கூட்டிக் காவல் பார்க்கும் கைகள் யூதருடையவை அல்ல.

போன மாதம் போயிருந்தபோது அந்த மூலையில் ஒரு கல்லறைமேல் கூழாங்கல் ஒன்று வைத்திருந்தது. பார்க்க வந்தவர்கள் பூவுக்குப் பதில் கல் வைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். யாரோ வெளியூரிலிருந்து வந்திருக்க வேண்டும். பெருக்கியவர் சருகுகளை மட்டும் ஒதுக்கி, அந்தக் கல்லை இருந்த இடத்திலேயே விட்டிருந்தார்.